பாடாலூரில் ஒரு சேவை முகாம்

பிள்ளைகளைச் சாரணர் படையில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கலாம் என்று சாமிதுரை சார் பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். வந்த அத்தனை பேரும் துணியைப் பற்றித்தான் கேட்டார்கள். சட்டை என்ன நிறம், தொப்பி எங்கே கிடைக்கும், கறுப்பு ஷூவா பழுப்பு ஷூவா. மஞ்சுவும் அதையேதான் கேட்டாள். பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவீர்கள், அங்கே என்ன செய்யச் சொல்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சார் ஒவ்வொரு பையனுக்கும் இடது கையை நீட்டிக் குலுக்கினார். மஞ்சு முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "இதயம் இந்தப் பக்கம் இருக்குதும்மா. சாரணர் வழக்கமே இதான்" என்றார். அவள் பூரித்துப் போனாள். ஏமாறுகிறவர்களுக்குப் பூரிப்பு சீக்கிரம் வரும்.

ஆனால் அவள் பூரித்ததில் நியாயமும் இருந்தது. கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுத்து வளர்ந்தவள் அவள். அம்மா முன்னால் வழித்துக்கொண்டே போக, இவள் பின்னால் கூடையோடு போவாள். தன் மகன் அரியமுத்துவின் கை அந்த இலையில் படவே கூடாது என்பதற்காகத்தான் இராப்பகலாகத் தையல் மிஷினை மிதித்தாள். சாரணர் சட்டையையும் அவளே தைத்துப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடாலூரில் சேவை முகாம் என்று பையன் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போனான். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபை மறந்துவிட்டான். அது இல்லாமல் வரிசையில் நிற்க விடமாட்டார்களே என்று மஞ்சு அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முகாம் எங்கே என்று விசாரித்தால், வாழைமரம் கட்டிய ஒரு புது மாடி வீட்டைக் காட்டினார்கள். சாமிதுரை சாரின் அண்ணன் வீடு குடிபுகும் விழாவாம். இதுதான் சேவை முகாம்! வாசலில் இரண்டு பையன்கள் சாரணர் உடுப்பில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக விறைத்து நின்றார்கள்.

"அரியமுத்து எங்கப்பா?"

"பின்னாடி இருக்கான்க்கா."

பின்னால் பந்தலில் ஒரு பந்தி அப்போதுதான் எழுந்திருந்தது. அவள் தைத்த சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு அரியமுத்து இலை வழித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் சாம்பார் ஒழுகியது. கூடை பிடித்தவனும் அவர்கள் தெருப் பையன்தான். இலை நாற்றம் மஞ்சுவுக்குப் பழகியது. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் தெரு பார்த்துப் பொறுக்கியெடுத்தார்களே, அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் குமட்டியது.

"அம்மா, நீ ஏன் வந்த? சத்தம் போட்டுறாத. சார் என்னை ஊட்டி கேம்புக்கு அழைச்சிட்டுப் போறேன்னிருக்காரு" என்று பையன் கெஞ்சினான்.

சாமிதுரை சார் பட்டு வேட்டியில் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்கம்மா, சாப்பிட்டுட்டுப் போங்க. சாரணன்னா எந்த வேலைக்கும் கூச்சப்படக் கூடாது. அதான் சேவை."

"நல்லதுங்க சார். அப்ப வாசல்ல நிக்கிற தம்பிய இங்க வரச் சொல்லுங்க. எம்புள்ள கையக் கழுவிட்டுப் போயி சந்தனம் குடுக்கட்டும்."

சாரின் சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது எப்படிம்மா? சொந்தக்காரங்கல்லாம் வராங்க. அவங்க சந்தனத்தைத் தொட்டு எடுத்துக்கணும்ல?"

இடது கையை அவ்வளவு தாராளமாக நீட்டிய மனிதர்! காறித் துப்ப மஞ்சுவின் வாயில் எச்சில் திரண்டது. நாலு பேர் சாப்பிடும் இடம் என்று விழுங்கிக்கொண்டாள். ஸ்கார்ஃபைக் கொண்டே மகனின் கையை அழுந்தத் துடைத்து, அதை அங்கேயே இலைக் கூடையில் போட்டாள். கூடை பிடித்த பையனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள்.

பஸ்ஸில் அரியமுத்து ஊட்டி போச்சே என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். நடுநடுவே விரல்களை மோந்து பார்த்துக்கொண்டான். சின்ன வயதில் அவளும் அப்படித்தான் மோந்து பார்ப்பாள்.

அடுத்த ஜூனில் அதே தெரு இருசம்மாள் துணிப்பையும் கையுமாக வந்து நின்றாள். "எம்மவனையும் ஸ்கவுட்டுல சேக்கப் போறேன் மஞ்சு. சட்டைக்கு எவ்வளவு துணி எடுக்கணும்?"

மஞ்சு மிஷினை நிறுத்தினாள்.

"துணி கெடக்கட்டும்க்கா. சந்தனம் குடுக்கறது யாரு, எலை எடுக்கறது யாருன்னு மொதல்ல அந்த சாரைக் கேட்டுட்டு வா. அப்புறம் அளவெடுக்கறேன்."