காலி மேடையில் அறுபது கிலோ

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கில் புண் வரட்டும். இப்போது இருக்கும் புண் சூடான தேநீரால் வந்தது. அதைச் சேர்க்கக் கூடாது.

ஈர மணல் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று ஆற்றுச் சாலையில் இருந்தது. நாற்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டவர் தாத்தா. லாரியின்மேல் ஈ உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டுத்தான் எடை போடுவார். எடை போடும்போது தும்மிய ஒரு டிரைவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிய மனிதர். தாய் தகப்பன் இல்லாத பேத்தியை மேடையோரக் கேபினிலேயே வளர்த்தார். அவள் வளர்ந்து எடை மிஷின் முன்னால் உட்கார்ந்ததும், வெளிவேலையைத் தான் எடுத்துக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை நாற்காலியில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம், வண்டியே இல்லாத மேடைக்கு மிஷின் பத்து கிலோ காட்டியது. அந்த மிஷினுக்குப் பத்துக்குக் கீழே எண்ணத் தெரியாது. அதற்கடுத்த வாரம் இருபது. ஆறாம் வாரம் அறுபது, அதாவது தாத்தாவின் எடை. தாத்தா தவணை தவணையாக முழுசும் வந்து சேர்ந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

மழை என்றால் தாத்தாவுக்கு உயிர். மழை நாளில் எண்பதுக்கு ஏறினார். வெயில் கொளுத்தினால் நாற்பதுக்கு இளைத்தார். அவள் பதறிப்போய் இரண்டு குடம் தண்ணீரை மேடையில் ஊற்றுவாள். அறுபதுக்குத் திரும்பிவிடுவார். தாகம், பாவம்.

ஏற்கெனவே அவர் குரல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. முகமும் புகைப்படத்து முகமாக மாறிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது எடை மட்டும்தான்.

"ஏன் பாப்பா, நான் ஏத்தாத அறுபது கிலோ எங்கிருந்து வந்துச்சு?" என்றார் கிழட்டு டிரைவர் ஒருவர்.

"அது தாத்தாண்ணே."

"இருக்கும்போது என் வண்டியில ஒரு ஈய ஏத்த விட மாட்டாரு. இப்ப அவரே ஏறிக்கிட்டாரா?"

மற்ற டிரைவர்கள் முதலாளியிடம் போனார்கள். முதலாளி மிஷினைச் சரிபார்க்க மிஷின்காரரை அனுப்பினார். அவர் வெயிலுக்குப் பயந்து நேராகக் கேபினுக்குள் புகுந்தார்.

"என்னம்மா, காலி மேடைக்கு அறுபது நிக்குது?"

"காலி இல்லீங்க சார். எங்க தாத்தா நிக்கிறாரு."

அவர் தூசி படிந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"பாத்தாத் தெரியாதுங்க. நிறுத்தாத்தான் தெரியும்."

"ஒரு பொத்தான்மா. அமுக்கினா பூஜ்யம். ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டே நிமிஷம். அவள் ஓடிப்போய் மேடையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மிஷின் நூற்றுப்பத்து காட்டியது. இத்தனை நாளில் அவர்கள் இருவரும் சேர்ந்து நிறுக்கப்பட்டது அன்றுதான்.

லாரிகள் ஒலியெழுப்பின. மிஷின்காரர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவள் மேடைத் தகட்டைக் கட்டிக்கொண்டு, "போகாதீங்க தாத்தா, போகாதீங்க" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கிழட்டு டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார்.

"பாப்பா, வரிசை பாலம் வரைக்கும் நிக்குது. தாத்தா இதப் பொறுப்பாரா, சொல்லு."

அந்த ஒரு சொல்லுக்கு எழுந்தாள்.

"ஒரு எடைச் சீட்டு மட்டும் போட்டுக்கறேன் சார்."

வண்டி எண் கேட்ட இடத்தில் 'தாத்தா' என்று அடித்தாள். முதல் எடை அறுபது. இரண்டாம் எடை வண்டி சரக்கை இறக்கித் திரும்பி வந்த பிறகு போடுவது. அதைக் காலியாகவே விடத்தான் நினைத்தாள். அதற்குள் மிஷின்காரர் பொத்தானை அமுக்கிவிட்டார். மிஷின் தன் பழக்கப்படி மீதியைத் தானே அச்சடித்தது: இரண்டாம் எடை 0. நிகர எடை 60. சரக்கு இறக்கப்பட்டது.

அவள் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி மேடையில் ஏறி நின்றாள்.

"எவ்வளவு சார்?"

"அம்பது."

"சரியாப் பாருங்க."

"அம்பதுதாம்மா."

"கொஞ்சம்கூடக் கூடலையா?"

மிஷின்காரர் மறுபடி எண்ணைப் பார்த்தார். மேடையில் அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தாத்தா இருந்தவரை தினமும் காலையில் அந்த மேடையில் சேரும் மணலையும் சேற்றையும் கழுவித் தள்ளுவார். அவர் செத்த நாளிலிருந்து அதை யாரும் கழுவவில்லை.