செங்கால் நாரை கிராமம்

என் அக்கா சோங்கா எங்கள் மொச்சுரோவோ கிராமத்தின் மேயர். நான் அவள் அலுவலகத்தில் எழுத்தர். அக்கா சொல்வதைத் தீர்மானமாக எழுதுவதும், எழுதியதற்குப் பிறகு வருத்தப்படுவதும் என் வேலை.

போன இலையுதிர் காலத்தில் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று, நாட்டிலேயே சிறந்த 'செங்கால் நாரை கிராம'த்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறதாம். எங்கள் ஊர் மின்கம்பங்களில் அப்போது ஏழு கூடுகள் இருந்தன. பட்டம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது போல அக்கா ஊரைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

முதலில் எருமைகள் போயின. ஊரில் எருமை வைத்திருந்தவன் சப்ரியான் ஒருவன்தான். பதினொரு எருமைகளும் ஆற்றோரப் புல்வெளியில் புரண்டு புரண்டு குழிகள் உண்டாக்கியிருந்தன. அவற்றில் தண்ணீர் தேங்கியது, தவளை கத்தியது. நடுவர்கள் வரும்போது சேற்று நாற்றம் ஆகாது என்று தீர்மானம் போட்டோம். சப்ரியான் மந்தையை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரோதெட்ஸுக்குப் போய்விட்டான். எங்களுக்கும் அந்த ஊருக்கும் மூன்று தலைமுறையாக ஆகாது.

தீர்மானத்தில் எழுதாத காரணம் ஒன்று இருந்தது. அக்காவின் மகள் நெவியானா அந்தச் சப்ரியானைத்தான் கட்டிக்கொள்வேன் என்றிருந்தாள்.

"எருமைக்காரனுக்கா? என் பொணம் விழணும்!" என்றாள் அக்கா.

"விழும்போது விழட்டும். நான் காத்திருக்கேன்" என்றாள் மகள்.

பிறகு குழிகளை மண் போட்டு மூடிக் கல் பாவினோம், நடுவர்கள் கார் நிறுத்த. பழைய கூடுகள் பார்க்க அசிங்கமாக இருந்ததால் இறக்கிவிட்டுப் பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கூடைகளை மாட்டினோம். தவளை இல்லாததால் கொசு பெருகியது, மருந்து அடித்தோம். 'நல்வரவு' என்று எழுத்தெழுத்தாக நட்டிருந்த துலிப் கிழங்குகளை வயல் எலிகள் தின்றன. ஏப்ரலில் பூத்தபோது 'வரவு' மட்டும் மிஞ்சியது.

குளிருக்குத் தெற்கே போயிருந்த நாரைகள் மட்டும் திரும்பி வரவில்லை.

இதில் மறைக்க முடியாத சங்கடம் ஒன்று. மார்ச் முதல் தேதி எல்லாரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மார்த்தெனிச்சா நூல் கட்டிக்கொள்வோம். அந்த வருடத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டலாம். பார்க்காமல் அவிழ்த்தால் வருடம் முழுவதும் கெட்டது நடக்கும். ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஊர் முழுக்க நூல், அழுக்கேறி, நைந்து.

"எல்லாரும் கழட்டிடுங்க" என்றாள் அக்கா.

"முதல்ல நீ கழட்டுக்கா, பார்ப்போம்" என்றேன்.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "சரி, முழுக்கை சட்டை போடச் சொல்லு. பிரோதெட்ஸ் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. எழுது."

எழுதினேன்.

நடுவர்கள் வந்த அன்று பார்த்துக் கொளுத்தும் வெயில். ஊரே கம்பளிச் சட்டையில் வியர்த்து நின்றது. நடுவர் குழுத் தலைவி பெத்ருனோவா அம்மாள் காரிலிருந்து இறங்கியதும் அக்கா வரவேற்பு ரொட்டியை இரண்டு கையாலும் உயர்த்தினாள். சட்டைக் கை வழுக்கி முழங்கை வரை போயிற்று. நூல் தெரிந்தது.

"அடடா, நீங்க இன்னும் நாரையைப் பார்க்கலையா மேடம்?" என்றாள் அந்த அம்மாள்.

அக்கா ரொட்டியால் மணிக்கட்டை மறைக்கப் பார்த்தாள். அந்த நேரத்தில் நெவியானா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். அரைக்கைச் சட்டை. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அம்மாள் முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணு பார்த்திருக்கே!"

அக்காவுக்கு உயிர் வந்தது. "ஆமாங்க, என் பொண்ணு! பொய்யா நூலை அவுக்கமாட்டா. எங்கடி பார்த்தே, சொல்லு! சர்ச் பக்கமா?"

நெவியானா என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சம் தலையாட்டியிருந்தால் போதும், அவள் ஆமாம் என்றிருப்பாள், அம்மா பட்டம் வாங்கியிருப்பாள், மகள் இந்த வீட்டிலேயே காத்திருந்து நரைத்திருப்பாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பிரோதெட்ஸ்ல" என்றாள் அவள். "சப்ரியான் கொட்டகை மேல ரெண்டு கூடு. தெருக் கம்பத்துல அஞ்சு."

"அங்க உனக்கு என்னடி வேலை?"

"ஞாயித்துக்கிழமை தோறும் போறேம்மா. நாரை பார்க்க இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். பெத்ருனோவா அம்மாள் டிரைவரிடம், "பாலம் எந்தப் பக்கம், கேளுப்பா" என்றாள். தன் நடுவர்கள் தானில்லாமல் அந்த ஊருக்குப் போவதா? அக்கா காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நானும் நெவியானாவும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

பிரோதெட்ஸ் புல்வெளியில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மந்திரிக்குப் பின்னால் அதிகாரிகள் போல, ஒவ்வொரு எருமைக்குப் பின்னாலும் ஒரு நாரை நடந்தது. குளம்பு பட்டுத் துள்ளிய வெட்டுக்கிளியைப் பிடித்து விழுங்கியது. புதுக் குழிகளில் தவளைகள் கச்சேரி நடத்தின. ஒரு கொசுகூட என்னைக் கடிக்கவில்லை. சப்ரியான் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் எருமைத் தயிர் கொடுத்தான்.

அக்கா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பிறகு அவனைத் தனியே அழைத்தாள். தனியே என்றால், எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"மந்தையை நம்மூருக்கு ஓட்டிட்டு வா தம்பி. பொண்ணைத் தர்றேன்."

"நான் கூப்பிட்டா எருமை வரும் அத்தை. சேறு வராதே" என்றான் அவன். "கல்லைப் பேத்தாலும் தண்ணி நின்னு, தவளை வந்து, நாரை நம்பி இறங்கணும். மூணு நாலு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்லம்மா" என்றாள் நெவியானா. "நான் இங்க வர்றேன்."

அக்கா, பெத்ருனோவா அம்மாள் சின்ன நோட்டில் எழுதுவதையும், பிரோதெட்ஸ்காரர்கள் வேலியோரம் கூடுவதையும், மகள் அவன் தோளிலிருந்து வைக்கோலைத் தட்டிவிடுவதையும் வெகுநேரம் பார்த்தாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அழுதாள் என்றுதான் நான் நினைத்தேன், அருகில் போனேன்.

"கல்யாணம் மே மாசம், இங்கேயே" என்றாள். "எழுதிக்கோ."

"எழுதறேன்க்கா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே விசாரிச்சு வை. இந்த ஊர்ல மேயர் தேர்தல் எப்போ?"