பீமராவின் கைவீச்சு

மூன்றாவது பார்சல் வந்தபோது சுபலட்சுமி வாயே திறக்கவில்லை. முதல் இரண்டுக்கும் கணவரைத் திட்டித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பிரித்தால் உள்ளே நடுவில் கீல் வைத்த ஒரு கோல்ஃப் மட்டை. வீச்சு கொஞ்சம் கோணினாலும் முழங்கால் மடங்குகிற மாதிரி பொசுக்கென்று மடங்கிவிடுமாம். ஏற்கெனவே கையுறையில் ஒட்டிக்கொண்டு வீச்சை அளக்கும் பொத்தான் ஒன்று, மட்டை உரசிய இடத்தைக் காட்டும் பாய் ஒன்று. ஸ்ரீரங்கத்து அடுக்குமாடியின் மொட்டை மாடியில் கொசுவலையைக் கட்டி, ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறுபத்தோரு வயது பீமராவ் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டை வீசினார். துணி காயப்போட வந்த பெண்கள் வந்த வழியே வாளியோடு இறங்கிப் போனார்கள்.

ஏதோ பொழுது போகாத மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு வெளியே ஒன்பது குழி மைதானம் ஒன்றில் தை பிறந்தால் ஜோடிப் போட்டி நடக்கும். பத்தொன்பது வருடமாக பீமராவுக்கு ஜோடி, பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜமால். பீமராவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ரிடையர் ஆன பிறகு ஊரில் அவரைத் தேடிப் போன் போடும் ஒரே ஆள் ஜமால்தான். போன தையில் பீமராவ் அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் ஓடி சீமைக்கருவேல முள்ளுக்குள் விழுந்தது. தோற்றார்கள். ஜமால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேங்க் மேனேஜர் ரெஜிஸ் தன்னை ஜோடிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதை மட்டும் மறைக்காமல் சொன்னார். மார்கழி பிறப்பதற்குள் பேர் கொடுத்தாக வேண்டும், அதற்குள் மைதானத்துக் கோச் லூர்துவிடம் போய் நாலு நாள் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

அந்த ஒரு வாசலைத்தான் பீமராவால் மிதிக்க முடியாது.

கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவர் பாய்லர் ஆலையில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியர். லூர்து அப்போது காண்ட்ராக்ட் வெல்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வேலை நிரந்தரமாவதற்கான சோதனையில் அவன் ஒட்டிக் கொடுத்த தகட்டை எக்ஸ்ரே எடுத்தபோது மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது. தகட்டிலேயே குறை இருந்திருக்கும், நான் ஒட்டுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள் சார் என்று அவன் மூன்று நாள் வாசலில் நின்றான். "படமே சொல்லுதுல்ல. உன் கைய நான் எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு பீமராவ் உள்ளே போனார். விதிப்படி அவர் செய்தது சரி. இன்றைக்கும் சரிதான். வேலை போன லூர்து மைதானத்தில் மட்டைப்பை தூக்கினான், தூக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்து ஆட்டத்தைக் கற்றான், இப்போது ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் கோச். அவன் முன்னால் போய் நின்று, என் கையைக் கொஞ்சம் பார் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அதனால்தான் கருவிகள். கருவிக்குப் பழைய கதை தெரியாது, முகம் பார்க்காது. அதோடு, முப்பத்தைந்து வருடம் கருவி காட்டியதை நம்பிச் சோறு தின்ற மனுஷர் வேறு எதை நம்புவார்?

மாசி மாதம் ஒரு நீள நோட்டு வாங்கினார். பொத்தான் போனுக்கு அனுப்பும் எண்களைத் தினமும் அதில் எழுதி, மாதக் கடைசியில் கோடு போட்டார். கோடு இறங்கியது. மட்டை பின்னால் போகும் அளவு பங்குனியில் குறைந்தது, வைகாசியில் இன்னும் குறைந்தது, வேகமும் கூடவே படுத்தது. இடது கையை இன்னும் அகலமாக வீசுங்கள் என்று போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. அவரும் வீசினார், வேர்த்து விறுவிறுக்க வீசினார். கோடு இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் இந்த இடத்தில் தன் கையைப் பார்த்திருப்பார்கள். பீமராவ் கருவியைச் சந்தேகப்பட்டார். ஆலையில் ஓர் அளவுகோல் மீது சந்தேகம் வந்தால் இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பதுதானே பழக்கம்? வேறு கம்பெனிப் பொத்தான் ஒன்று வாங்கி, இரண்டையும் ஒரே கையுறையில் ஒட்டிக்கொண்டு இருபது நாள் வீசினார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கருவிகள் சரி என்று நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்த சுபலட்சுமி, ஏன் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி சிறுத்துப் போச்சு என்று கேட்டாள். பேப்பர் மிச்சம் என்றார். ரசம் கொதிக்கிற வாசனையே தெரியவில்லையா என்று அவள் இன்னொரு நாள் கேட்டதற்கு, சளி என்றார்.

கார்த்திகை கடைசி ஞாயிறு ஜமால் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும், லூர்துவைப் பார்த்தீர்களா இல்லையா, ஒரே பதில் சொல்லுங்கள் என்றார். இதோ போய்ப் பார்க்கிறேன் என்று பீமராவ் போனை வைத்தார். பிறகு நோட்டையும் கருவிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மைதானத்து வாசலிலிருந்து அவர் நடந்து வருவதை லூர்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் மைதானத்தில் நிமிர்ந்தே பாராமல், இளைஞனாகவே பீமராவ் மனத்தில் வைத்திருந்த லூர்துவுக்குத் தலை நரைத்திருந்தது. வணக்கம் சொன்னார், நாற்காலி எடுத்துப் போட்டார். பீமராவ், பத்து மாதக் கணக்கு இருக்கிறது என்று நோட்டை நீட்டினார். லூர்து அதை வாங்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அந்த வேப்பமரம் வரைக்கும் சும்மா நடந்துட்டு வாங்க."

மட்டையைத் தொடாமல் இது என்ன பாடம் என்று எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் நடந்தார். இன்னொரு தடவை என்றார் லூர்து. மறுபடியும் நடந்தார்.

"வலது கை வீசுது சார். இடது கை ஒட்டுனாப்ல அப்படியே நிக்குது. காலும் லேசா இழுக்குது. எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்புறம்தான் நடுக்கம் வந்துச்சு. இது நான் சரி பண்ற விஷயம் இல்ல சார். நரம்பு டாக்டரப் பாருங்க."

பீமராவ் தன் இடது கையைக் குனிந்து பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அது தொடையோரம் கிடந்தது. எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"சித்திரையில ஜமால் பாயோட ஆட வந்தீங்களே, அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

லூர்து புல்லில் கிடந்த பந்தொன்றை எடுத்துத் துடைத்தார்.

"எதை வச்சு சார் சொல்றது? என்கிட்ட படம் இல்லையே."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். வைதிருந்தால்கூட பீமராவ் தாங்கியிருப்பார்.

வியாழக்கிழமை தில்லைநகரில் பார்த்த டாக்டரும் முதல் வேலையாக வராந்தாவில் நடக்கத்தான் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், வாசனை தெரிகிறதா என்று கேட்டார். பார்க்கின்சன் என்றார். ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளலாமா என்று பீமராவ் கேட்டார், கெஞ்சுகிற மாதிரியே கேட்டார். வேறு நோய் இல்லை என்று பார்க்க வேண்டுமானால் எடுக்கலாம், ஆனால் இது சாதாரண ஸ்கேனில் தெரியாது என்றார் டாக்டர். நோய் போகாது. மாத்திரை கையைக் கொஞ்சம் இளக்கும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். வைகாசி ஆனி வாக்கில் வந்திருந்தால் இந்தத் தைக்கு மட்டை பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார். பாவம், ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார். வைகாசியிலும் ஆனியிலும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது பீமராவின் நோட்டில் தேதிவாரியாக இருந்தது.

வெளியே வந்ததும் ஜமாலுக்கு அவரே போன் போட்டு, ரெஜிஸ் பேரைக் கொடுத்துவிடுங்கள் என்றார். காரணத்தையும் சொன்னார். "அடுத்த வருஷம் நாம சேந்தே ஆடுவோம் ராவ், இன்ஷா அல்லாஹ்" என்றார் ஜமால். சரி என்றார் பீமராவ். அடுத்த வருஷத்தை இருவருமே நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா மண்டபம் ரோட்டில் மனைவியோடு மருந்துக்கடைக்கு நடந்தார். பாதி வழியில் நின்று, அவளைப் பத்தடி பின்னால் நிற்கச் சொன்னார். கடைக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் இப்போது இல்லை. இடது கைக்குத் தன் முழு பலத்தையும் அனுப்பி, வீசு, வீசு என்று மனதுக்குள் கத்திக்கொண்டே பூக்கடை வரை நடந்தார்.

"சுபா, கை வீசுதா பாரு."

முப்பத்து நாலு வருடத்தில் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லியிராதவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா வீசுதுங்க" என்றாள்.

சரிபார்க்க அவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.