கதவுக்கு ஒரு திறப்பு விழா

1

இந்தக் கதை என் மனதில் ஊறிக் கிடந்து தானாக வெளியே வந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். இது கேட்டு வாங்கிய கதை. கண்டியில் நான் படித்த மகளிர் பாடசாலையில் ஒரு சேவைக் கழகம் இருக்கிறது. அதற்கு இது வெள்ளி விழா ஆண்டு. விழா மலருக்கு 'மாணவர் தலைமைத்துவம்' பற்றி ஒரு சிறுகதை வேண்டுமென்று கழகத்தின் பொறுப்பாசிரியை றலியா டீச்சர் எனக்கு ஃபோனில் கோல் எடுத்தார்.

“கம்பளையில ஈக்கிற எங்கட பழைய மாணவி எழுதினா மலருக்கே ஒரு அழகு. நல்ல பொசிட்டிவ்வா எழுதுங்க. நம்மட தலைவி ஷஹ்மாவப் பத்தியே எழுதலாம். தோட்டத்துப் பாடசாலைக்குக் கதவு போட்டுக் குடுத்த பிள்ள.”

சரி என்றேன். அக்குறணைக்குப் போய் ஷஹ்மாவைச் சந்தித்தேன். அவள் நடந்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பொசிட்டிவ்வாம்!

ஆகவே, வாசகரே, இந்தக் கதை அந்த மலரில் வராது. நீங்கள் படிப்பது அவர்கள் கேட்ட கதை இல்லை, அதை எழுத உட்கார்ந்து நான் எழுதித் தொலைத்தது.

2

முதல் தொடக்கம்: “பனி போர்த்திய மலைகளின் நடுவே, சேவையையே மூச்சாகக் கொண்ட ஓர் இளம் தலைவி—”

விட்டுவிட்டேன். இது கழகத்தின் ஆண்டறிக்கையில் வருகிற வரி.

இரண்டாம் தொடக்கம்: “ஏழ்மையில் வாடும் தோட்டத்துப் பிஞ்சுகளின் ஏக்க விழிகளில்—”

இதையும் வெட்டினேன். வாடுகிறார்களாம், ஏங்குகிறார்களாம். அந்தப் பிள்ளைகள் இடைவேளையில் போடுகிற கூச்சலை ஒரு தடவை கேட்டவர் யாரும் இப்படி எழுதமாட்டார்.

மூன்றாம் தொடக்கம்: “ஷஹ்மாவுக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது.”

இதுதான். கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. மலர்க்குழுவினர் மூக்கைப் பொத்த வேண்டுமென்றால் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

3

ஷஹ்மாவுக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. உயர்தர வகுப்புக்காரி. அக்குறணையில் அவளுடைய வாப்பா நஸீமுக்கு ஹார்ட்வெயார் கடை. கழகத்தின் தலைவியாகிச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. வருடாந்தச் சேவைக்கு இடம் பார்க்கவென்று செயலாளர் நிஷாந்தினியோடு வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருந்தாள்.

இடம் பார்ப்பது என்பதெல்லாம் சும்மா பேச்சு. ஒவ்வொரு வருடமும் புதுத் தலைவி ஒருத்தி வருவாள், அதே பாடசாலையின் அதே சுவருக்குப் பெயின்ட் அடிப்பாள், போவாள். அந்தப் பக்கத்தில் பெரிய பஸ் ஒன்று திரும்புகிற அளவுக்கு இடமுள்ள பாடசாலை அது ஒன்றுதான். காரணம் அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் இல்லை.

அதிபர் ஞானேஸ்வரி டீச்சர் அவர்களைக் கண்டதும் சிரித்தார்.

“சுவருதானே? வாங்க, வாங்க. முந்துன வருஷம் வந்தவங்க இலங்கப் படம் போட்டுக் குடுத்தாங்க. ஆறெல்லாம் நீலத்துல. அத வச்சுத்தான் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனேன். போன வருஷம் வந்து அதுக்கு மேல ஒங்க கழகத்துச் சின்னத்த வரைஞ்சிட்டீங்க. சின்னத்த வச்சு நான் என்ன பாடம் நடத்துறது, சொல்லுங்க?”

போன வருடம் அந்தச் சின்னத்துக்கு மஞ்சள் அடித்தவளே ஷஹ்மாதான். முகம் சுருங்கிப் போனது. ஆனால் அதைவிட அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. மலசலகூடம் எங்கே என்று கேட்டாள்.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உரச்சாக்கு ஆணியில் தொங்கியது. காற்றுக்கு அது மேலே எழும்பி எழும்பி விழுந்தது. அந்தப் பக்கம் மைதானத்தில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஷஹ்மா விழித்தாள். அதற்குள் நிஷாந்தினி வந்து, சாக்கின் ஓரத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றுவிட்டாள்.

“ஒனக்கு எப்படித் தெரியும் இப்படி நிக்கோணும் எண்டு?” உள்ளேயிருந்து ஷஹ்மா கேட்டாள்.

“ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் நான் இங்கதான் படிச்சேன்.”

“யா அல்லாஹ்! ஏன்டி சொல்லல்ல? நாங்க எத்தின தரம் இங்க வந்தீக்கோம்!”

“சுவரு அடிக்க வர்றவங்ககிட்ட இத எங்க போயி சொல்றது? ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவலுக்கு நிக்கணும். பெரிய புள்ளைங்க அந்த நாளுல பள்ளிக்கூடமே வராதுங்க. போன தவணையில ரெண்டு பேரு படிப்பையே விட்டுட்டாங்களாம்.”

[இந்த இடத்தில் எனக்கு நல்ல உவமை ஒன்று வந்தது. அழித்துவிட்டேன். கதவே இல்லாத இடத்துக்கு உவமை ஒரு கேடு.]

4

“இந்த முற சுவர் வாணம் டீச்சர். கதவு. பெண் பிள்ளைகள்ட மலசலகூடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் போடுவோம்.”

கழகத்தின் கூட்டத்தில் ஷஹ்மா இப்படிச் சொன்னதும் றலியா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கதவு போடுறது அரசாங்கத்துட வேல, மகள்.”

“அப்ப சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறது யார்ட வேல, டீச்சர்?”

நானாக இருந்தால் எழுந்து விசிலடித்திருப்பேன்.

“வாய் நீளுது. சரி, போட்டிக்கு என்னத்த அனுப்புற? சுவர் எண்டா கலர் கலரா படம் வரும். கக்கூஸுக்கு முன்னால பெனர் புடிச்சிட்டு நிக்கவா சொல்ற?”

(போட்டி என்றால், மாகாணத்திலுள்ள பாடசாலைச் சேவைக் கழகங்களுக்கிடையே வருடா வருடம் நடக்கிற போட்டி. படங்களைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். யாரும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பதில்லை. போனால், பஸ் திரும்ப இடம் வேண்டுமே!)

றலியா டீச்சரை ஒரு பொல்லாத மனுசியாக எழுதிவிட என் கை துறுதுறுக்கிறது. எழுதியும் பார்த்தேன்: “அவருடைய கண்களில் புகழாசை—” நிறுத்திவிட்டேன். அது நியாயமில்லை. இந்த மனுசி தன் சனிக்கிழமைகளையெல்லாம் இந்தக் கழகத்துக்காகத் தொலைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பசித்தால் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக் கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. நல்ல மனுசி, நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஷஹ்மா விடவில்லை. வாப்பாவைப் பிடித்தாள். நஸீம் ஒவ்வொரு வருடமும் கழகத்துக்குப் பெயின்ட் கொடுப்பவர்.

“பெயின்ட் குடுத்தாலும் ஒன்டுதான், கதவு குடுத்தாலும் ஒன்டுதான். கொண்டு போங்க மகள். மாட்டுறதுக்கு நம்மட கடப் பொடியன்மாரையும் அனுப்புறன்,” என்றார்.

இனிமேல் மறுக்க றலியா டீச்சருக்கு வழியில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். திறப்பு விழா வைக்க வேண்டும். ரிப்பன் வெட்ட வேண்டும். அந்தப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தி இரண்டு படம்: முதலில் சாக்கோடு, பிறகு கதவோடு.

ஷஹ்மா தலையாட்டினாள். வெற்றி கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

5

நிஷாந்தினிக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்.

“ரிப்பன் வேணாம் ஷஹ்மா. கதவ மாட்டிட்டு பேசாம வந்துருவோம்.”

“ஒரு படம்தானே. அதுக்காகக் கதவையே விடச் சொல்றியா?”

“அந்தப் படத்துல நிக்கப் போறது யாரு? ஒன் தங்கச்சியா?”

“நிஷா, நான் இதுக்காக டீச்சரோட சண்ட புடிச்சீக்கேன்!”

“நீ ஜெயிச்சதுக்கு அதுங்க ஏன் கூனிக் குறுகி நிக்கணும்?”

ஷஹ்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு பாடுபட்டவளிடம் பேசுகிற பேச்சா இது? அக்குறணை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஷஹ்மாவின்மீது எனக்கும் கோபம்தான். என்றாலும் படம் இல்லையென்றால் கதவும் இல்லையே, அவள் என்னதான் செய்வாள் என்று ஒரு பந்தி எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தபோது றலியா டீச்சரின் குரல் கேட்டது. கிழித்துப் போட்டேன்.

6

விழா நாள். ஒரே நிற டீ சேர்ட் போட்ட நகரத்துப் பிள்ளைகள் பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கொண்டுவந்த பெனர் கதவைவிட அகலம்.

கதவை நஸீமின் ஆட்கள் சில நாட்களுக்கு முன்பே வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல கதவு. உள்ளே தாழ்ப்பாள், வெளியே பூட்டுப் போடக் கொளுக்கி. வெளியே பூட்டுத் தொங்கியது. திறந்துவைக்கும் வரை யாரும் பாவிக்கக் கூடாது, அழுக்காகிவிடும் என்று றலியா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாராம். சாக்கும் இல்லை, கதவும் இல்லை. அந்த நாட்களில் பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் தெரியுமா? தேயிலைக்குள் போனார்கள்.

நான் இதைச் சும்மா இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுகிறவள் இப்படி எழுதப் பயப்படுவாள். நம்பமாட்டார்கள் என்பாள்.

இது போதாதென்று, 'கதவுக்கு முந்தி' என்ற படத்துக்காக, குப்பையில் கிடந்த சாக்கைத் தேடி எடுத்து வந்து புதுக் கதவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். பாடசாலை முழுவதும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது, பையன்களும்தான். றலியா டீச்சர் கூட்டத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கை காட்டினார்.

“நீங்க வாங்க, மகள். நல்ல சிரிச்ச முகம்.”*

[*பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். என்ன நிறம், எந்தப் பக்கம் வகிடு, கண் எப்படி, அதுவும் எழுதமாட்டேன். ஒரு கெமரா போதும். நான் வேறு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா?]

சாக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வருகிற மாதிரி நிற்கச் சொன்னார்கள். அவள் நின்றாள். பையன்கள் பக்கத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவள் தலையைக் குனிந்தாள்.

“டீச்சர், போதும், விட்டுருங்க,” என்று நிஷாந்தினி சொன்னாள். கெமராக்காரரும் டீச்சரும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் காதிலும் விழவில்லை.

ஷஹ்மாவின் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். தான் உள்ளே இருந்தபோது சாக்கு விலகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள். சாக்கைக் கழற்றிவிட்டு, கத்தரிக்கோலை ஷஹ்மாவின் கையில் கொடுத்தார்கள். ரிப்பனை வெட்டினாள். கைதட்டினார்கள். பூட்டைத் திறந்தார்கள்.

“இப்ப கதவோட ஒரு படம். தாழ்ப்பாளில கைய வைங்க, மகள். ஆ, அப்படித்தான். கொஞ்சம் சிரிங்க.”

அந்தப் பிள்ளை தாழ்ப்பாளில் கையை வைத்தாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

7

வருவாள் என்று நின்றார்கள். வரவில்லை. பெனர் பிடித்தவர்களுக்குக் கை கடுத்தது. றலியா டீச்சர் கதவைத் தட்டினார்.

“மகள், வெளிய வாங்க. ஒரே ஒரு படம்.”

தாழ்ப்பாள் அசையவில்லை.

“ஷஹ்மா, நீங்க கூப்புடுங்க. நீங்கதானே தலைவி.”

இங்கே முடிவு வேண்டும். மலருக்கென்று ஒரு முடிவு எழுதினேன்: கதவு திறக்கிறது, பிள்ளை ஓடிவந்து ஷஹ்மாவின் கைகளைப் பற்றிக்கொண்டு, “அக்கா, உங்களை என்றும் மறவோம்—” தூ! இன்னொரு முடிவில் ஷஹ்மா பெனரைக் கிழித்தெறிந்துவிட்டு வீர உரை ஆற்றுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதையும் எடுத்துவிட்டேன்.

நடந்தது இது. ஷஹ்மா கதவருகே போனாள். தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கினாள். கதவைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

“டீச்சர், உள்ளுக்கு ஆள் ஈக்குது.”

“ஈக்குதெண்டு எனக்கும் தெரியும்! அதுக்குத்தானே கூப்புடச் சொல்றன்!”

“ஆள் ஈக்கக்குள்ள கதவத் தட்டக் கூடாது, டீச்சர்.”

பஸ் டிரைவர் கீழேயிருந்து ஹோர்ன் அடித்தான். நிஷாந்தினி வந்து ஷஹ்மாவின் பக்கத்தில் நின்றாள்.

அந்தப் பிள்ளை உள்ளே அழுதாளா, சிரித்தாளா, இல்லை போக வேண்டியதற்குத்தான் போனாளா? எவ்வளவு நேரம் இருந்தாள்? படம் கிடைத்ததா? ஷஹ்மா எல்லாம் சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நேற்றும் றலியா டீச்சர் கோல் எடுத்து, “கடைசியில அந்தப் பிள்ள சிரிச்சிட்டு வெளிய வாற மாதிரி முடிங்களேன்,” என்றார். முடிக்கமாட்டேன் என்று வைத்துவிட்டேன்.

நீங்களும்தான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், வாசகரே. அவள் எப்போது வருவாள், வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் தானாக வெளியே வரும்வரை பேனையைத் தொடாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறது.