குவியலுக்குக் காவல்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கெல்வின் ஸ்ட்ராகனின் வேலியோரம் புகை எழுந்தது. காற்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவன் நிலத்துக்குத் தெற்கே என் நிலம். வேலியிலிருந்து முப்பது தப்படி தூரத்தில் என் கொட்டகை. அதில் தொண்ணூறு காய்ந்த புல் உருளைகள், நாற்பத்திரண்டு மாடுகளின் குளிர்காலத் தீனி. மழை பொய்த்து, குளிர்காலமும் நெருங்கிக்கொண்டிருந்த அந்த ஏப்ரலில் வெளியே ஒரு வாய் மேய்ச்சல்கூடக் கிடையாது.

எங்கள் வட்டாரத்தில் குப்பை எரிக்க அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பவன் நான். தீயணைப்புத் தொண்டர் படையில் என் பொறுப்பு அது. படைக்குத் தலைவி என் மனைவி நொரீன். கெல்வின் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தேன்: குவியல் இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது, காற்றில் பற்றவைக்கக் கூடாது, பக்கத்து நிலத்துக்காரரிடம் முதல்நாளே சொல்ல வேண்டும், கடைசிக் கங்கு அணையும்வரை ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வேலி தாண்டிப் போனேன். தண்ணீர்க் குழாயும் கையுமாக அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். சைப்ரஸ் மரக் கிளைகள் என் தலைக்கு மேலே எரிந்தன.

"யாரைக் கேட்டுப் பத்த வச்ச?"

"சீட்டு பையில இருக்கு. கையெழுத்து உன்னோடதுதான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நேத்து ராத்திரி உன் தபால் டப்பாவுல எழுதிப் போட்டேன்யா."

"சனி ஞாயிறு தபாலே வராது. எவன் போய் டப்பாவத் திறப்பான்?"

"சொல்லணும்னுதான் எழுதியிருக்க. நீ படிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு எழுதலியே. போன் போட்டா ஒரு மணி நேரம் விதி வாசிப்ப. அதுக்கு டப்பா தேவல."

சிரித்தான். அந்த வாயிலேயே குத்தினேன். ஒரு பல் என் விரல் முட்டியில் குத்தி நின்றது. அவன் குழாயைப் போட்டுவிட்டு மண்வாரியை எடுத்தான். முதல் வீச்சில் என் காது கிழிந்தது. இரண்டாவது வீச்சில் பிடியைப் பிடித்து முறுக்கினேன். அவன் முழங்கை மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிய சத்தம் கேட்டது. விழுந்தவன் என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து அவன் முகத்தைச் சாம்பலில் வைத்துத் தேய்த்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்து, விடாமல் தொங்கினான்.

"ஆல்டன், கொட்டகை!" நொரீன் கத்தியது அப்போதுதான் காதில் விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம், என் நிலத்தில், காய்ந்த சருகுப் புல் தரையோடு தரையாக எரிந்துகொண்டு போனது. நான் ஓடிச் சேர்வதற்குள் கொட்டகையின் தகரம் வெடித்துப் பறந்தது. ஒட்டிய பட்டியில் நின்ற மாடுகள் கம்பியில் மோதிக்கொண்டிருந்தன. நொரீன் கதவைத் திறந்து முப்பத்தொன்பதை வெளியேற்றினாள். மீதி மூன்றும் முதுகு வெந்து முட்டி போட்டுக் கிடந்தன. துப்பாக்கியை எடுத்து வந்து நானே மூன்றையும் சுட்டேன்.

படை வண்டிகள் வந்து தீயை அடக்கியபோது ஓர் உருளைகூட மிஞ்சவில்லை. பிறகு நொரீன் அறிக்கைத் தாளோடு எங்கள் முன்னால் நின்றாள். கணவன் என்று என்னைப் பார்க்கவில்லை.

"வேலி தாண்டும்போது தீப்பக்கத்துல யாரு இருந்தது?"

கெல்வின் ரத்தத்தைத் துப்பினான். "ரெண்டு பேருமே இருந்தோம். நான் கீழ, இவன் மேல."

"தீயைப் பார்த்துக்கிட்டு?"



"யாருமில்லன்னு எழுது," என்றேன். "காவல் நின்னவன அடிச்சுத் தள்ளினது நான்னும் எழுது."

எழுதினாள். பிறகு மாட்டுச் சந்தைக்காரனுக்குப் போன் போட்டு, திங்கள்கிழமை பெரிய லாரியாக அனுப்பச் சொன்னாள்.

"எத்தனை மாடும்மா?" என்று கேட்டது மறுமுனை.

"மிச்சம் இருக்கிறது எல்லாம்."