மேடைக்கு ஒரு மொட்டை

ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில் 'நாளைய தலைவர்கள்' இளைஞர் சேவைச் சங்கத்தின் பந்தல். காணாமல் போகும் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பது அன்றைய சேவை. அதற்கு ஒரு பெஞ்சு. பக்கத்து மேடையில் தலைவர்களுக்குப் பன்னிரண்டு நாற்காலி.

பெஞ்சில் சங்கச் செயலாளர் ஹேமாவதி, பிளஸ் டூ மாணவி, மூன்று வயதுப் பையனை மடியில் வைத்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், இடுப்பில் மஞ்சள் துணி. அன்று மலையிலிருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே அடையாளம்தான். "அம்மா காவாலி", அம்மா வேணும் என்று தெலுங்கில் ஒரு மணி நேரம் அழுதவன் இப்போது அழுகையை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உடம்பு கொதித்தது.

"சார், மைக்குல ஒரு வாட்டி சொல்லிடலாம் சார்."

ஆலோசகர் வேதாசலம் பொன்னாடையை நீவிக்கொண்டிருந்தார். "இரும்மா. சீஃப் கெஸ்ட் அரக்கோணம் ரோட்ல வந்துகினு இருக்காரு. இப்பவே புள்ளய குடுத்துட்டா அவரு எதை ஒப்படைப்பாரு, பெஞ்சையா?"

"ஒடம்பு சுடுது சார்."

"தண்ணி குடு. தலைவர்னா பொறுமை வேணும். ஷீல்டுல உன் பேரத்தான அடிச்சு வச்சிருக்கேன்."

'சிறந்த இளம் தலைவர்' ஷீல்டு மேசைமேல் மின்னியது. காலேஜ் சீட்டுக்கு உதவும் என்றுதான் மூன்று வருடம் மரம் நட்டாள். மூன்று வருடமும் ஒரே குழியில்.

பையன் அவள் தோளில் வாந்தி எடுத்தான். தலை தொங்கியது. ஹேமாவதி அவனைத் தூக்கிக்கொண்டு போய் மைக்கை எடுத்தாள்.

"ஏய், அது வரவேற்புரைக்கு வச்ச மைக்கு! வச்சிடு. ஷீல்டு துணைச் செயலாளரு ஜெயப்பிரகாஷுக்குப் போய்டும், ஆங்!"

ஷீல்டை ஒரு தரம் பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். என்னவென்று சொல்வது? மொட்டை, சந்தனம், மஞ்சள் என்றால் பாதி மலை இறங்கி வரும். மைக்கைப் பையன் வாயருகே வைத்தாள். "அம்மனு பிலு கன்னா. அம்மாவைக் கூப்பிடு."

"அம்மா..." மெல்லிய குரல் படிக்கட்டெல்லாம் ஏறியது. அரோகரா சத்தம் அதை விழுங்கியது. யாரும் வரவில்லை. "இன்னொரு வாட்டி கன்னா."

"அம்மா!"

மூங்கில் தடுப்பை இடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். "சின்னோடா!" பையன் இடுப்பிலிருந்து தாவினான்.

மைக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இருவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஊசி போடும்வரை நின்றுவிட்டு ஹேமாவதி திரும்பியபோது சீஃப் கெஸ்ட் வந்துவிட்டிருந்தார். பேச்சுக்கு முன்னால் போட்டோ. அவர் கையில் ஒரு மொட்டைப் பையன். சந்தனம், மஞ்சள் துணி. எதிரே முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தாயாக நின்றது வேதாசலத்தின் மனைவி சுலோச்சனா. பையன் உதைத்துக் கத்தினான். பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் ஷீல்டோடு நின்றான். கட்டைவிரல் அவள் பெயரை மறைத்திருந்தது.

ஒரு ஆள் மூச்சிரைக்கப் பந்தலுக்குள் நுழைந்தான். "பாப்பா, எம்புள்ள இங்கதான் நின்னுகினு இருந்தான். சர்பத் வாங்கித் திரும்பறதுக்குள்ள காணோம். மொட்ட, சந்தனம்..."

பெஞ்சில் மைக் அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்தாள்.

"அன்பான பக்தர்களே, சீஃப் கெஸ்ட் கையில இருக்கற குழந்தையோட அப்பா இங்க வந்து தேடிகினு இருக்காரு. மேடையில இருக்கறவங்க தயவுசெஞ்சு புள்ளய கீழ எறக்கி விடுங்க."