கொசுவுக்கான ஆம்ப்ளிஃபயர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே வினோத்குமார் எழுந்துவிடுவான். மோட்டார் சுவிட்சைப் போடுவான். வாசல் கம்பியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சுவான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்துவான். பல் தேய்ப்பான், முகம் கழுவுவான், தாடியைத் துண்டால் ஒற்றுவான், மழிப்பதில்லை. பிறகு காபி டம்ளரோடு சன்னல் ஓரத்து மேசைக்கு வந்து, அங்கிருக்கும் கருப்புப் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டு, ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்காருவான். பாட்டு எதுவும் போடமாட்டான். காபி முடியும்வரை அப்படியே இருப்பான். கம்பெனி பஸ் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் வரும் நேரத்துக்குக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருமுறை வந்து தங்கிய அவன் அம்மா இதைப் பார்த்துவிட்டுப் போய், "பையன் பாட்டு கேக்க ஆரம்பிச்சிட்டான், இனிமே பயமில்ல" என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அவன் மறுக்கவில்லை. மனைவி சரண்யா போனதிலிருந்து அவன் எதையும் மறுப்பதில்லை.

பெட்டி சரண்யா வாங்கியது. வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். யார் யாரோ பேசிப் பதிவு செய்து அனுப்பும் பேட்டிகளை, கூட்டங்களை, கேட்டுக் கேட்டு எழுத்தில் அடிக்கும் வேலை. லேப்டாப்பில் நேராக ஹெட்போனைச் செருகினால் பேச்சுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலத்துக்குள் தலை கனத்துவிடும். பல நாள் தேடி, அந்த வகையில் மலிவானதாக ஒன்றை வரவழைத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு திருகு, சத்தத்தைச் சட்டென்று ஏற்ற ஒரு குட்டி சுவிட்ச், ஒரு பச்சை விளக்கு.

"கம்ப்யூட்டர்ல இருக்கறது வெறும் நம்பரு. அத மொதல்ல சத்தமா மாத்தணும். மாத்துனது நோஞ்சானா இருக்கும், அதுக்குத் தெம்பு குடுக்கணும். ரெண்டையும் இது பாத்துக்கும்" என்றாள். அவன் தலையில் ஹெட்போனை மாட்டி, திருகைப் பாதிக்கு மேல் ஏற்றினாள்.

"ஒன்னுமே கேக்கலியே?"

"ஆங், அதான்! அந்த ஒன்னுமே கேக்காததுக்குத்தான் காசு."

அப்போது சிரித்தான். இப்போது தினமும் காலையில் அவன் மாட்டிக்கொள்வது அதைத்தான்.

தை மாதம் ஒரு வேலை நாளில் அது நடந்தது. அவன் சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பெனி லேபில் இருந்தான். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரர் போன் செய்துவிட்டார். சரண்யாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. அப்புறமும் வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "கடைசியா என்னா சொன்னா?" இந்தப் பக்கத்துத் துக்க வீட்டில் அதற்கொரு பதில் இருந்தே ஆகவேண்டும். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அழவே ஆரம்பிப்பார்கள். வினோத் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய பெரியம்மா தங்கம்மாள் பார்த்தாள். இப்படிப் பதிலில்லாமல் விடுவது மரியாதையில்லை என்று தானே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சரண்யாவின் பிறந்த வீட்டுச் சிதம்பரத்துக்காரர்களிடம், "எங்க அப்பாவ பாத்துக்கங்கன்னு சொன்னா." நெல்லிக்குப்பத்துக்காரர்களிடம், "அவர தனியா வுட்டுறாதீங்கன்னு சொன்னா." தெருக்காரர்களிடம், "முருகான்னா. அவ்ளோதான், கண்ண மூடிட்டா." அவரவர் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு அழுதார்கள்.

உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது காலையில், அவன் செருப்பை மாட்டும்போது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. துக்க வீட்டில் வைக்கிற அளவுக்கு அது பெரிய பேச்சில்லை. அதோடு, சொல்லிவிட்டால் தங்கம்மாள் அதற்கும் கைகால் வைத்துவிடுவாள்.

ஆவணியில் ஒருநாள் மாமியார் சௌந்தரம் போன் செய்தாள்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"மாமாவுக்கு அவ கொரல கேக்கணுமாம். நம்ம போன்ல இருக்கறத காதுகிட்ட வெச்சா ஒன்னும் புரியலங்கறாரு. காது மிஷின் மாட்டிக்கினு கேட்டா கரகரங்குதாம். அவ ஒரு பொட்டி வெச்சிருந்தாளே, சத்தம் பெருசாக்கற பொட்டி… அத எடுத்தாந்தீங்கன்னா…"

"ஞாயித்துக்கெழம வரேன்."

"அப்புறம் மாப்ள, உங்ககிட்ட ஒன்னு கேக்கணுமாம். நேர்லதான் கேப்பாராம்."

என்ன என்று அவன் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலும், லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்த பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தான். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, பஸ் குலுங்கும்போதெல்லாம் கை தானாகத் துண்டை அழுத்தியது. எதைப் போட்டுக் காட்டுவது என்று போனில் இருந்த அவளுடைய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடிக்கொண்டே வந்தான். அதில் ஒரு சங்கடம் இருந்தது. அப்பா அம்மா முன்னால் சரண்யா அவனை 'வாங்க, போங்க' என்பாள். மஞ்சக்குப்பத்து மாடி வீட்டில் 'வா, போ'தான். கோபம் வந்தால் 'டா'வும் உண்டு. மரியாதையாகப் பேசிய மெசேஜ் ஒன்றாவது தேறுமா என்று பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

மாமனார் சபாபதிக்கு வீடு சிதம்பரம் வண்டிகேட் பக்கம். மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று சுற்று வட்டாரமெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதற்கு அடியிலேயே படுத்துத் தூங்கி எழுந்த மனுஷன். காது போனதும் தொழிலைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். மற்றவர்கள் பேசும்போது உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வார். மீதிக்குத்தான் காது மிஷின்.

வினோத் துண்டைப் பிரித்ததும் குனிந்து பார்த்தார்.

"என்னா மாப்ள, ஜாமென்ட்ரி பாக்ஸ் கொண்டாந்துருக்கீங்க?"

"ஆம்ப்ளிஃபயர் மாமா!" வினோத் கத்தினான்.

"இதுவா? எத்தினி வாட்ஸ்?"

வினோத் யோசித்தான். "வாட்ஸ் இல்ல மாமா. மில்லிவாட்ஸ் கணக்கு."

"அப்பன்னா கொசு ஊட்டு கல்யாணத்துக்குதான் கட்டணும்."

"வாய மூடிக்கினு மாட்டிக்கங்க" என்றாள் சௌந்தரம். அவள் சொன்னது அவருக்கு எப்போதும் கேட்டுவிடும்.

பெட்டியை லேப்டாப்பில் இணைத்து, ஹெட்போனை அவர் தலையில் வைத்தான். வைத்ததுமே வீல் என்று ஒரு சத்தம். சபாபதி தலையை உதறினார். வினோத் பதறிப்போய்த் திருகைக் குறைத்தான்; நிற்கவில்லை. கம்பியைப் பிடுங்கினான், அப்போதும் நிற்கவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்துக்குப் பயந்தான்.

"பொட்டி இல்ல மாப்ள, இவுருதான் கத்துறாரு" என்றபடி சௌந்தரம் ஹெட்போனைத் தூக்கி, அவர் காதிலிருந்த மிஷினைக் கழற்றினாள். விசில் நின்றது. "தலையில துண்டு கட்னாலே இது ஊளையிடும். அதையும் மாட்டிக்கினு இதையும் மாட்டுவாராம். மைக் செட்டு மொதலாளி."

வினோத் கம்பியை மறுபடி செருகி, திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். சரண்யா சொல்லிக்கொடுத்தது: எப்போதும் கீழேயிருந்து மேலே போ, இல்லாவிட்டால் காதில் அறைந்துவிடும். குட்டி சுவிட்சை மேலே தள்ளினான். போனிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்ட மெசேஜ்களில் ஒன்றைப் போட்டுவிட்டுத் திருகை மெல்ல ஏற்றினான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி தாண்டியது. முக்காலும் தாண்டியது. அவன் வீட்டில் எப்போதும் போகாத இடத்துக்குத் திருகு போனபோது சபாபதியின் கை எழுந்து நின்றது.

ஹெட்போன் கிண்ணங்களுக்கு வெளியேயும் அவள் குரல் கசிந்தது. மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல, அந்த தமிழ்மணிக்குப் போன் பண்ணு, நீயா போய் ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கினு நோண்டாத.

சபாபதி அசையவில்லை. முடிந்ததும், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"அவளுக்குச் சளி புடிச்சிருக்குது!"

வினோத்துக்கு அது மறந்தே போயிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் ஆவி பிடித்தாள். போர்வைக்குள்ளிருந்து மூக்கடைத்த குரலில் அவனைத் திட்டினாள்.

"மறுக்கா போடுங்க."

போட்டான். பிறகு வேறொன்று. இன்னொன்று. அரிசி மாவு, கரண்ட் பில், அவன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு எந்தப் புடவை. சௌந்தரம் அந்தப் பக்கக் கிண்ணத்தோடு தலையை ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டாள். சபாபதி திடீரென்று சிரித்தார்.

"அடிக்கழுத! வா போன்னுதான் பேசுவாளா? எங்க எதுர்ல என்னா நடிப்பு!"

"நீங்க இப்பதான் கண்டுபுடிச்சீங்களாக்கும்" என்றாள் சௌந்தரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிரிப்பு அடங்கியது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே கேட்டார்.

"மாப்ள. உங்க பெரியம்மா என் காதுகிட்ட வந்து, அப்பாவ பாத்துக்கங்கன்னு சொன்னான்னாங்க. சரின்னு இருந்தேன். அப்பறம் உங்க ஊர்க்காரங்ககிட்ட ஒன்னு சொன்னாங்க. தெருக்காரங்ககிட்ட ஒன்னு. எனக்குக் காதுதான் அவுட்டு, கண்ணு இருக்குது. வாயப் பாத்தா தெரியாதா? ஒரே பொண்ணு எப்புடிங்க மூணு கடைசி பேச்சு பேசுவா? உங்க வாய் மட்டும் அன்னிக்கு அசையவே இல்ல. அதனால உங்களதான் கேக்குறேன். என்னா சொன்னா?"

வினோத் சொல்லப் பார்த்தான். உதடு அசைந்தது.

"தாடி ஆடுது, சேதி வரல" என்றார் சபாபதி. அவர் குரல் தணிந்திருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்காது.

"கத்தி சொல்லுங்க மாப்ள" என்றாள் சௌந்தரம்.

பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உலர்த்துகிற வேகம் குறைந்திருந்தது. சரண்யாவும் அன்றைக்கு அதைக் கத்தித்தான் சொன்னாள்; ஹெட்போன் மாட்டியிருந்ததால் தன் சத்தம் தனக்குத் தெரியாமல், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி. ஆனால் அவனால் கத்த முடியவில்லை. ஒருமுறை மூச்சை இழுத்தான்.

"ஒரு நிமிஷம் அத்தை" என்று போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து பதிவு பொத்தானை அழுத்தினான். 'பெருசா ஒன்னுமில்ல மாமா, சாதாரணமாத்தான்' என்று ஆரம்பித்தான். அழித்தான். அடுத்து, அவள் அவனிடம் மரியாதையாகச் சொன்ன மாதிரி மாற்றிப் பேசிப் பார்த்தான். யாரோ பேசுவதுபோல இருந்தது. தங்கம்மாள் சொல்லக்கூடியதுபோல இருந்தது. அதையும் அழித்தான். பிறகு முன்னுரை எதுவும் இல்லாமல், அவள் சொன்னதை மட்டும், அவள் சொன்னபடியே, போனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் மூக்கு ஒழுகத் தொடங்கியது. தோளால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனைப் பெட்டியில் செருகினான். திருகைக் கீழே இறக்கினான். சௌந்தரம் மறுபடி தலையைக் கிண்ணத்தோடு ஒட்டிவைத்தாள். சபாபதி கண்ணை மூடிக்கொண்டார். உதட்டைப் பார்க்கவேண்டிய வேலை இப்போது இல்லை.

வினோத் திருகை மேலே கொண்டுபோனான். அவன் குரலில் அவள் பேச்சு வந்தது.

"முட்டைய டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன், மேல இருக்கற சோத்த மட்டும் தின்னுட்டு அத அப்புடியே கொண்டாந்து நிக்காத."